படர்தாமரை: களிம்புக்கு முன் ஒரு பரிசோதனை

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் எங்கள் தோல் நோய்ப் புறநோயாளிப் பிரிவில் நாற்காலிகள் போதுவதில்லை. பனியன் கம்பெனிகளுக்கு அன்றுதான் விடுமுறை. முந்தைய நாள் மாலை வாரச் சம்பளம் கைக்கு வந்திருக்கும். ஒன்றரை ஷிப்ட் வேலையில் ஆறு நாட்களும் சொறிந்துகொண்டே கழித்தவர்கள், ஏழாம் நாள் குடும்பத்தோடு வந்து அமர்ந்திருப்பார்கள். அவர்களில் பெரும் பகுதியினருக்கு ஒரே நோய்தான். நம் ஊரார் 'படை' என்றும், ஏடுகள் 'படர்தாமரை' என்றும் குறிப்பிடும் பூஞ்சைத் தொற்று அது.

சில மாதங்களுக்கு முன் அயர்ன் பிரிவில் பணிபுரியும் நாற்பது வயதை நெருங்கிய ஒருவர், ஒரு மஞ்சள் துணிப்பையை என் மேசைமேல் கவிழ்த்தார். உள்ளிருந்து ஐந்து களிம்புக் குழாய்கள் விழுந்தன. ஐந்தும் பாதி பிதுக்கப்பட்டவை. "இத்தனையும் போட்டுப் பாத்துட்டனுங்க டாக்டர். போடறப்ப நல்லா இருக்குதுங்க. விட்டா மறுபடியும் வந்துருதுங்க" என்றார். இடுப்பிலும் தொடை இடுக்கிலும் தொடங்கிய வட்டங்கள் முதுகு வரை ஏறியிருந்தன. தோலைச் சுரண்டிப் பரிசோதிக்க வேண்டும் என்று நான் சொன்னதும் அவர் முகம் சற்று மாறியது. "பார்த்தாலே தெரியுதுங்களே, படைதானுங்களே? இதுக்கு எதுக்குங்க டெஸ்ட்டு?"

நியாயமான கேள்வி. அவரிடம் அன்று இரண்டே நிமிடங்களில் நான் சொன்ன விடையை, இங்கே விரிவாக எழுத விரும்புகிறேன். படர்தாமரைக்குக் களிம்பு பூசும் முன், குறிப்பாக ஒருமுறை பூசியும் திரும்பி வந்துவிட்டால், ஆய்வகப் பரிசோதனை செய்தே தீர வேண்டும் என்பது என் கருத்து. இந்தக் கருத்தோடு உடன்படாத மருத்துவர்களும் உண்டு. அவர்களின் வாதத்தையும் மறைக்காமல் கூறுகிறேன்.

நோய் மாறிவிட்டது

நான் மருத்துவம் பயின்ற காலத்தில் படர்தாமரை எளிய நோய்களின் பட்டியலில் இருந்தது. டெர்பினாஃபின் என்னும் மாத்திரையை இரண்டு வாரம் கொடுத்தால் பெரும்பாலும் முடிந்துவிடும். ஏறத்தாழ 2013-14 முதல் இந்தியா முழுவதும் நிலைமை மாறத் தொடங்கியது. உடலின் பல இடங்களில் ஒரே நேரத்தில் பரவும் தொற்றுகளும், மருந்தை நிறுத்தியதும் திரும்பும் தொற்றுகளும், வீட்டிலுள்ள அனைவரையும் பற்றும் தொற்றுகளும் பெருகின. முன்பு நாம் அதிகமாகக் கண்டது 'ட்ரைக்கோஃபைட்டான் ரூப்ரம்' என்னும் பூஞ்சை. அதன் இடத்தை வேறொரு வகை பிடித்துக்கொண்டது. 2020-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், அங்கு சிகிச்சைக்கு வந்த இந்தியர், நேபாளியர் ஆகியோரின் தோலில் இருந்து அதைப் பிரித்தெடுத்து 'ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே' என்று பெயரிட்டார்கள். பெயரிலேயே இந்தியா ஒட்டிக்கொண்டது.

இந்த வகையில் பல, டெர்பினாஃபினுக்கு எளிதில் அடங்குவதில்லை. பூஞ்சையின் உயிரணுச் சவ்வுக்கு எர்கோஸ்டெரால் என்னும் கொழுப்புப் பொருள் தேவை. அதை உருவாக்கும் நொதி ஒன்றைத் தடுப்பதே அந்த மாத்திரையின் வேலை. நொதிக்கான மரபணுவில் சிறு மாற்றம் நேர்ந்தால், மாத்திரை சரியாகப் பற்றாது. பூட்டை மாற்றிய வீட்டில் பழைய சாவி நுழையாதது போல. டில்லியில் சேகரித்த மாதிரிகளைக் கொண்டு 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குப் பூஞ்சைகள் இவ்வாறு மருந்தை எதிர்த்தன. வாரணாசியில் காசி இந்துப் பல்கலைக்கழக மருத்துவர்கள் 200 நோயாளிகளிடம் நான்கு மாத்திரைகளை ஒப்பிட்டு 2020-இல் வெளியிட்ட முடிவு இன்னும் தெளிவானது. எட்டு வாரச் சிகிச்சைக்குப் பின் குணமானவர்கள் இட்ராகொனசோலில் 66 விழுக்காடு, ஃப்ளூகொனசோலில் 42, டெர்பினாஃபினில் 28, கிரிசியோஃபுல்வினில் வெறும் 14. ஒரு மருந்தும் அனைவரையும் குணப்படுத்தவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இது நம் நாட்டோடு நின்றுவிடவுமில்லை. 2023 மே மாதத்தில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், நியூயார்க் நகரில் இரு பெண்களுக்கு இதே பூஞ்சையின் தொற்று இருந்ததாக அறிவித்தது. அந்நாட்டில் பதிவான முதல் நிகழ்வுகள் அவை. ஒருவர் வங்கதேசம் சென்று திரும்பியவர். மற்றவர் அண்மையில் வெளிநாட்டுப் பயணம் எதுவும் செய்யாதவர். அங்கே இரண்டு பேருக்கு வந்ததும் அறிக்கை வெளியிட்டு எச்சரிக்கிறார்கள். இங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமையில் அதைவிடப் பலரை ஓர் அறையில் பார்க்கிறோம். ஆனாலும் பரிசோதனை இல்லாமலே களிம்பு எழுதிவிட்டு அடுத்தவரை அழைக்கிறோம்.

திருப்பூரும் வியர்வையும்

இந்தப் பூஞ்சை வாழ்வது தோலின் மேல் அடுக்கிலுள்ள கெரட்டின் என்னும் புரதத்தை உண்டு. அதற்கு வேண்டியவை வெப்பமும் ஈரமும். அயர்ன் மேசையின் நீராவியும், காம்பாக்டிங் எந்திரத்தின் சூடும், சாயப்பட்டறையின் ஈரமும், தகரக் கூரைக்கடியில் பத்து மணி நேரம் உட்கார்ந்தே ஓட்டும் தையல் எந்திரமும் இவ்விரண்டையும் தாராளமாகத் தருகின்றன. அதன்மேல் இறுக்கமான ஜீன்ஸும், உலராத உள்ளாடையும் சேர்ந்தால் தொடை இடுக்கு பூஞ்சைக்கு விளைநிலம் ஆகிவிடுகிறது. உலகமெல்லாம் காற்றோட்டமான பருத்திப் பனியன் அணிய நூல் பின்னும் ஊரில், அதைப் பின்னுபவர் நனைந்த உடையோடு நாள் முழுதும் இருக்கிறார்.

ஒன்றை இங்கே அழுத்தமாகச் சொல்ல வேண்டும். படர்தாமரை அழுக்கானவர்களின் நோய் அன்று. வெளிமாநிலத் தொழிலாளர்கள் கொண்டுவந்த நோயும் அன்று. ஒடிசாவில் இருந்தும் பீகாரில் இருந்தும் வந்து ஓர் அறையில் எட்டுப் பேராகத் தங்குபவர்களிடம் அது வேகமாகப் பரவுகிறது என்றால், காரணம் அவர்களின் ஊர் அன்று; ஒரே கொடியில் உலரும் துண்டுகளும், ஒரே வாளியில் ஊறும் துணிகளும்தான். கம்பெனி முதலாளிகளின் வீட்டிலும் இதே நோயைப் பார்த்திருக்கிறேன். பூஞ்சைக்கு முகவரி பார்க்கத் தெரியாது.

ஆறவைத்து ஏமாற்றும் களிம்பு

அந்த ஐந்து குழாய்களுக்கு வருவோம். அவற்றில் மூன்றில் ஸ்டீராய்டு இருந்தது. குளோபிட்டசோல், பீட்டாமெத்தசோன் போன்ற பெயர்கள் குழாயின் மேல் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும். ஸ்டீராய்டு செய்வது ஒன்றே ஒன்று: தோலின் எதிர்ப்பைத் தணிக்கிறது. அதனால் அரிப்பு ஒரே இரவில் அடங்குகிறது, சிவப்பு மங்குகிறது. பூஞ்சையோ சாவதில்லை; எதிர்ப்பார் இல்லாததால் தாராளமாகப் பரவுகிறது. களிம்பை நிறுத்தியதும் அடக்கி வைத்த அரிப்பு இரு மடங்காகத் திரும்புகிறது. நோயாளி என்ன நினைக்கிறார்? 'மருந்து நல்ல மருந்துதான், விட்டதுதான் தப்பு' என்று அடுத்த குழாயை வாங்குகிறார். மாதங்கள் கடக்கும்போது தொடை இடுக்கில் தோல் மெலிந்து வரிவரியாகக் கிழிகிறது. அந்தத் தழும்புகள் பின்னர் மறைவதே இல்லை.

பரிசோதனைக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. ஸ்டீராய்டு பூசிய படையில் வட்டமும் ஓரமும் கலைந்துவிடும். அனுபவமுள்ள மருத்துவரின் கண்ணும் அங்கே தடுமாறும். ஆனால் அதே தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் வைத்தால், பல நேரங்களில் பூஞ்சை இழைகள் திரள்திரளாகத் தெரியும். கண்ணை ஏமாற்றிய களிம்பால் கண்ணாடித் தகட்டை ஏமாற்ற முடியாது.

அரசு வாளாவிருந்தது என்று சொல்ல முடியாது. 2018 மார்ச்சில் 14 ஸ்டீராய்டுக் களிம்புகள் மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாதவை என 'எச்' அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அதே ஆண்டு செப்டம்பரில் 328 கூட்டு மருந்துகள் தடைசெய்யப்பட்டன. ஸ்டீராய்டையும் பூஞ்சைக்கொல்லியையும் நுண்ணுயிர்க்கொல்லியையும் ஒன்றாகக் கலந்த களிம்புகள் சிலவும் அவற்றுள் அடங்கும். இந்தியத் தோல் நோய் மருத்துவர் சங்கம் இதற்காகப் பல ஆண்டுகள் குரல் கொடுத்தது. சட்டம் வந்தது, பழக்கம் போகவில்லை. மருந்துக் கடையில் 'படைக்கு ஒன்று' என்று கேட்டால் இன்றும் குழாய் கைக்கு வருகிறது. கடைக்காரரை மட்டும் குறை கூறுவது எளிது. சீட்டில் எழுதித் தரும் மருத்துவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பரிசோதனை என்றால் என்ன?

பலருக்கு 'டெஸ்ட்' என்றால் ஊசியும் இரத்தமும் நினைவுக்கு வருகின்றன. இதில் இரண்டும் இல்லை. வட்டத்தின் ஓரத்தில் பூஞ்சை ஊக்கமாக வளர்ந்துகொண்டிருக்கும். நடுப்பகுதி ஆறியது போல் இருக்கும். எனவே ஓரத்தைச் சாராயத் துணியால் துடைத்து, மழுங்கிய கத்தி முனையால் செதில்களை மெதுவாகச் சுரண்டி எடுக்கிறோம். வலி இருக்காது, நகத்தால் சொறிவதைவிட மென்மையானது. செதில்களைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, 10 அல்லது 20 விழுக்காட்டுப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலை ஒரு துளி விடுகிறோம். இதன் சுருக்கமே 'கே.ஓ.எச். பரிசோதனை' என்பது. தோலின் கெரட்டின் கரைந்து தெளிவாகும். பூஞ்சையின் சுவர் கரையாது. சற்று நேரம் பொறுத்து நுண்ணோக்கியில் பார்த்தால், கண்ணாடி போன்ற பின்னணியில் கிளைவிட்ட, கணுக்கணுவான நூல்கள் ஓடுவது தெரியும். வந்த நாளிலேயே முடிவு கிடைத்துவிடும். நகத்துண்டு தடிப்பானது என்பதால் அது கரையக் கூடுதல் நேரம் ஆகும்.

திருப்பூருக்கே உரிய எச்சரிக்கை ஒன்றும் உண்டு. நம் நோயாளிகளின் தோலில் பஞ்சு இழை ஒட்டியிருப்பது இயல்பு. நுண்ணோக்கியில் பருத்தி இழையும் பூஞ்சை நூலைப் போலவே தோன்றக்கூடும். பழகாத கண் அதைப் பூஞ்சை என்று எழுதிவிடும். பருத்தி இழை சீரற்ற தடிப்புடன் முறுக்கிக்கொண்டிருக்கும். தோல் உயிரணுக்களின்மேல் தனியாகக் கிடக்கும். பூஞ்சை நூலோ ஒரே சீரான அகலத்தோடு, குறுக்குச் சுவர்களோடு, உயிரணுக்களின் ஊடே ஓடும். ஆகவேதான் சுரண்டும் முன் துடைப்பது வெறும் சடங்கு அன்று. வேலையில் இருந்து நேராக வருபவர்கள் குளித்துவிட்டு வந்தால் எங்களுக்குப் பெரும் உதவி.

அடுத்த படி, பூஞ்சையை வளர்த்துப் பார்ப்பது. செதில்களைச் சபுரோ ஊடகம் என்னும் உணவில் இட்டு வளர்ப்பார்கள். நூறாண்டுகளுக்கு முன் தலைப் படையை ஆராய்ந்த ஃபிரெஞ்சு மருத்துவர் ரெய்மோன் சபுரோவின் பெயர் அது. வளர்வதற்கு நான்கு வாரம் வரை காத்திருக்க நேரும். எந்த இனம் என்பதை அது சொல்லும். மருந்து எதிர்ப்பை அளக்கும் சோதனையையும் மரபணுச் சோதனையையும் எல்லா ஆய்வகங்களும் செய்வதில்லை. மருத்துவக் கல்லூரிகளின் நுண்ணுயிரியல் துறைகளையோ பெரிய ஆய்வகங்களையோ நாட வேண்டும். திருப்பூரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்ட பின், இத்தகைய வசதிகள் நம் மாவட்டத்திலேயே வளர வேண்டும் என்று எதிர்பார்ப்பது பேராசை ஆகாது.

நான் செய்த பிழை

பரிசோதனை வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குப் புத்தகங்களைவிட ஒரு நினைவே பெரிய காரணம். முதுநிலைப் படிப்பு முடித்த தொடக்க ஆண்டுகளில், செக்கிங் பிரிவில் வேலை பார்த்த ஒரு பெண்மணி முன்கையில் வட்டமான ஒரு படையோடு வந்தார். ஓரம் சற்றே மேடிட்டுச் சிவந்திருந்தது. கூட்டம் மிகுந்த நாள். படர்தாமரை என்று எழுதி மாத்திரையும் களிம்பும் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்து வந்தபோது மாற்றம் இல்லை. மருந்தை மாற்றினேன். 'அரிக்கிறதா?' என்று நான் கேட்கவில்லை. சுரண்டியும் பார்க்கவில்லை. மூன்றாம் முறை அவர் வந்தபோது கையில் ஒரு தீக்காயம் இருந்தது. கொதிக்கும் பாத்திரம் பட்டது அவருக்கு உறைக்கவே இல்லையாம். பஞ்சால் தொட்டுப் பார்த்தேன். அந்த வட்டத்தில் உணர்வே இல்லை. சுண்டு விரல் சற்று மடங்கத் தொடங்கியிருந்தது. அது தொழுநோய்.

கூட்டு மருந்துச் சிகிச்சையால் நோய் முற்றிலும் குணமாயிற்று. விரல் மட்டும் முழுதாக நிமிரவில்லை. தையல் ஊசியில் நூல் கோக்க அவர் படும் சிரமத்தைப் பின்னொரு நாள் பார்த்தேன். முதல் நாளிலேயே செதிலைச் சுரண்டிப் பார்த்துப் பூஞ்சை இல்லை என்று கண்டிருந்தால், 'அப்படியானால் இது என்ன?' என்ற அடுத்த கேள்வியை நான் கேட்டிருப்பேன். பரிசோதனையின் பெரும் பயன் இதுதான். நாம் நினைப்பது தவறு என்று சொல்லும் வாய்ப்பை அது தருகிறது.

தொழுநோய் பொதுச் சுகாதாரச் சிக்கல் என்ற நிலையில் இருந்து நீங்கியதாக 2005-இல் இந்தியா அறிவித்தது. நோய் முற்றாக மறைந்துவிடவில்லை. அதற்கான மருந்து அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்பச் சுகாதார நிலையங்களிலும் இலவசம். உணர்வற்ற, அரிக்காத எந்தப் படையையும் களிம்பால் மூடிவிடாதீர்கள்.

படர்தாமரை போல் வேடமிடும் நோய்கள் இன்னும் உண்டு. சோரியாசிஸ், நாணய வடிவ எக்ஸிமா, சில வாரங்களில் தானாகவே மறையும் பிட்டிரியாசிஸ் ரோசியா, இடுப்புப் பட்டையின் எலாஸ்டிக்காலும் சாய வேதிப்பொருள்களாலும் வரும் ஒவ்வாமை, தொடை இடுக்கில் பாக்டீரியாவால் வரும் எரித்ராஸ்மா ஆகியவை அவற்றுள் சில. இவற்றுள் ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. எக்ஸிமாவுக்கு ஸ்டீராய்டு மருந்து. படர்தாமரைக்கோ அது எரியும் நெருப்பில் ஊற்றும் எண்ணெய். ஒரு கண்ணாடித் தகடு இரண்டையும் பிரித்துவிடும் என்றால் ஏன் தயங்க வேண்டும்?

மாற்றுக் கருத்தும் என் விடையும்

தயங்குவோரின் வாதம் இது. தெளிவான படர்தாமரையைக் கண்ணாலேயே அறியலாம். ஒரு காலையில் நூறு பேரைப் பார்க்கும் இடத்தில் ஒவ்வொருவரையும் சுரண்டிக்கொண்டிருக்க முடியாது. பரிசோதனைக்கு நோயாளி மேலும் அரை நாள் கூலியை இழப்பார். அதோடு, பரிசோதனையும் பொய் சொல்லும். பூஞ்சை இருந்தும் இல்லை என்று வரலாம்.

இவற்றில் உண்மை இருக்கிறது. முதன்முறையாக, ஒரே இடத்தில், தெளிவான ஓரத்தோடு, எந்தக் களிம்பும் படாத வட்டத்தைப் பார்த்துச் சிகிச்சை தொடங்குவதை நான் குறை கூற மாட்டேன். 'இல்லை' என்ற முடிவை வேதவாக்காகக் கொள்ளக் கூடாது என்பதும் சரியே. செதில் போதாமல் இருக்கலாம். முந்தைய நாள் பூசிய பூஞ்சைக் களிம்பு இழைகளைக் குறைத்திருக்கலாம். ஐயம் நீடித்தால் மீண்டும் எடுத்துப் பார்ப்பதே முறை.

ஆனால் நேரம் இல்லை, காசு இல்லை என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. இதற்கு வேண்டியவை ஒரு தகடு, ஒரு துளி கரைசல், ஒரு நுண்ணோக்கி, பயிற்சி பெற்ற ஒரு கண். அந்த ஐந்து குழாய்களுக்கும் அவற்றுக்காக அலைந்த நாட்களுக்கும் ஆன செலவோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். வேறொரு திசையிலும் நேர்மையாக இருப்போம். அரிப்பு என்றதும் விலை உயர்ந்த இரத்த ஒவ்வாமைப் பட்டியல்களை எழுதுவது படர்தாமரைக்குத் தேவையற்றது. எளிய சோதனையைத் தவிர்த்துவிட்டுப் பெரிய சோதனையை எழுதுவது மருத்துவம் ஆகாது.

என் கருத்தில், கீழ்க்காணும் நிலைகளில் பரிசோதனை இல்லாமல் சிகிச்சை தொடங்கவோ தொடரவோ கூடாது. ஒருமுறை மருந்து எடுத்தும் திரும்பிய படை, ஸ்டீராய்டுக் களிம்பு பூசிய படை, உடலில் பல இடங்களில் பரவியது, முகத்திலோ தலையிலோ வந்தது, நகம் தடித்து நிறம் மாறியது, அரிக்காத வட்டம், வாரக்கணக்கில் மாத்திரை விழுங்க வேண்டியவர்கள், குறிப்பாகக் கல்லீரல் நோயோ இதய நோயோ உள்ளவர்கள். நகத்தைப் பொறுத்தவரை இது இன்னும் முக்கியம். நகம் தடிப்பதெல்லாம் பூஞ்சை அன்று. உறுதி இல்லாமல் மாதக்கணக்கில் மாத்திரை விழுங்குவது கல்லீரலைக் காரணமின்றி உழைக்க வைப்பது ஆகும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

பரிசோதனை சரியாக அமைவதில் உங்கள் பங்கு பெரிது. இதுவரை பூசிய எல்லாக் களிம்புகளையும் மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். வெட்கப்படவோ மறைக்கவோ வேண்டாம். நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம். பரிசோதனைக்கு முன் எத்தனை நாள் களிம்பை நிறுத்த வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தோலுக்குப் பொதுவாக ஒரு வாரமேனும் தேவை, நகத்துக்கு இன்னும் கூடுதல். வரும் நாளன்று எண்ணெய், பவுடர், மஞ்சள் எதையும் பூசாதீர்கள். நகத்தை வீட்டிலேயே ஒட்ட வெட்டிவிடாதீர்கள். சீமை அகத்தி இலையை அரைத்துப் பூசுவது நம் வீடுகளில் பழைய வழக்கம். பூசியிருந்தால் அதையும் சொல்லுங்கள்.

முடிவு வந்தபின் மருந்தைச் சொன்ன காலம் வரை எடுங்கள். அரிப்பு நின்ற நாள் பூஞ்சை மடிந்த நாள் அன்று. இட்ராகொனசோல் கேப்ஸ்யூலை உணவோடு விழுங்குங்கள். வயிற்றின் அமிலம் இல்லாவிட்டால் அது சரியாக உட்கிரகிக்கப்படாது. நெஞ்செரிச்சல் மாத்திரையோ வேறு மருந்தோ எடுத்துக்கொண்டிருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். சிகிச்சை முடியும் வேளையில் மீண்டும் ஒருமுறை சுரண்டிப் பார்ப்பது நல்லது.

கவனிப்பவர்களுக்கு ஒரு சொல். வீட்டில் ஒருவருக்கு வந்தால் மற்றவர்களையும் அழைத்து வாருங்கள். ஒருவர் குணமாகும்போது இன்னொருவரிடம் இருந்து அவருக்கே திரும்ப வரும். துண்டு, உள்ளாடை, படுக்கை விரிப்பு ஆகியவை ஒவ்வொருவருக்கும் தனியாக இருக்கட்டும். வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்துங்கள். ஹாஸ்டல் நடத்தும் நிறுவனங்களுக்கு என் வேண்டுகோள் மூன்றே: ஆளுக்கொரு துண்டும் உலர்த்தும் கொடியும், வேலைக்குப் பின் குளிக்கத் தண்ணீர், மருத்துவமனைக்கு வரக் கூலி பிடிக்காத இரண்டு மணி நேரம்.

எங்கள் பக்கத்தின் கடமையையும் குறிப்பிட வேண்டும். தோல் நோய்ப் பிரிவு இருக்கும் எந்த மருத்துவமனையிலும், புறநோயாளி அறைக்கு அருகிலேயே ஒரு நுண்ணோக்கி இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையிலும் அது இயங்க வேண்டும். தொழிலாளி வரக்கூடிய ஒரே நாளில் ஆய்வகம் பூட்டிக் கிடந்தால், பரிசோதனை செய்யுங்கள் என்று சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை. நம் மருத்துவமனை நிர்வாகத்திடமும் இதையே கேட்டு வருகிறேன். நீங்களும் கேளுங்கள்.

நோய்க்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாத உயிரிகளே என்பதை மனித உடலில் முதலில் காட்டித் தந்தவற்றுள் தலைப் படையும் ஒன்று. 1839-இல் ஜெர்மானிய மருத்துவர் ஷோன்லைனும், 1841-இல் பாரிசில் டேவிட் குருபியும் நோயாளியின் செதிலை நுண்ணோக்கியில் வைத்துப் பூஞ்சையைக் கண்டார்கள். காசநோய்க் கிருமியைக் கோக் கண்டறிந்தது அதற்கு நாற்பதாண்டுகளுக்குப் பின்னர், 1882-இல். பார்த்துவிட்டு மருந்திடு என்ற பாடம் அத்தனை பழையது. நாம்தான் அவசரத்தில் மறந்துவிட்டோம்.

மஞ்சள் பைக்காரரின் தகட்டில் அன்று பூஞ்சை நூல்கள் வலை பின்னியிருந்தன. நுண்ணோக்கியில் அவரையே பார்க்கச் செய்தேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீண்ட நேரம் பார்த்தவர், "நூல் மாதிரியேதானுங்க இருக்குது" என்றார். அதற்குப் பின் அவர் ஒரு நாளும் மாத்திரையைத் தவறவிடவில்லை. மனைவியையும் இரு பிள்ளைகளையும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அழைத்து வந்தார். மூவரில் இருவருக்கும் தொற்று இருந்தது. பத்து வாரங்களுக்குப் பின் அவர் தோலை மீண்டும் சுரண்டிப் பார்த்தோம். தகட்டில் ஒன்றும் இல்லை. தொடையில் ஸ்டீராய்டு விட்டுச்சென்ற வரிகள் மட்டும் இருந்தன.

அந்த வரிகள் வராமல் தடுத்திருக்கலாம். அடுத்த முறை யாரேனும் உங்களிடம் 'படைக்கு இந்தக் களிம்பு நன்றாகக் கேட்கும்' என்று ஒரு குழாயை நீட்டினால், வாங்கும் முன் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'இது படைதான் என்று யார் பார்த்தது?'

(கட்டுரையாளர் நம் மருத்துவமனையின் தோல் நோய்ச் சிகிச்சைப் பிரிவு மருத்துவர். இக்கட்டுரை பொதுவான கருத்து. உங்களுக்குரிய சிகிச்சையை உங்கள் மருத்துவரிடம் நேரில் கேட்டு முடிவு செய்யவும்.)